கேட்பு உண்டு, வசூல் இல்லை: அரசியல் சாசனத்துக்கு முந்தைய அமெரிக்க அரசு

1783 டிசம்பரில் மேரிலாந்தின் அனாபொலிஸ் நகரில், மாநிலப் பிரதிநிதிகளின் அவையான அமெரிக்கக் காங்கிரஸ் கூடியிருந்தது. பிரிட்டனோடு எட்டு ஆண்டு நடந்த போர் முடிந்துவிட்டது. செப்டம்பர் 3 அன்று பாரிஸில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கை ஒப்புதலுக்காக வந்து சேர்ந்திருந்தது. ஆறு மாதத்துக்குள், அதாவது 1784 மார்ச் 3-க்குள், ஒப்புதல் பத்திரம் கடல் தாண்டி பாரிஸ் போய்ச் சேர வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் கப்பல் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அவையில் உடன்படிக்கை வேண்டாம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒப்புதல் தர முடியவில்லை.

காரணம் ஒரு எண். உடன்படிக்கைகளுக்கு 13 மாநிலங்களில் 9 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். அனாபொலிஸில் வாக்களிக்கும் நிலையில் இருந்தவை 7 மாநிலங்கள். ஒரு மாநிலத்தின் வாக்கு செல்ல வேண்டுமானால் குறைந்தது இரண்டு பிரதிநிதிகள் நேரில் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் வந்திருந்தால் அந்த மாநிலம் வராததற்குச் சமம். டிசம்பர் 23 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தன் படைத்தலைமைப் பொறுப்பை ஒப்படைக்க அந்த மண்டபத்துக்குள் வந்தபோது, நாட்டின் சார்பில் அதைப் பெற்றுக்கொள்ள இருந்தவர்கள் சுமார் 20 பேர். ஏழு மாநிலங்களை வைத்தே ஒப்புதலை அனுப்பிவிடலாம் என்று சிலர் சொல்ல, அது செல்லாத பத்திரமாகிவிடும் என்று தாமஸ் ஜெஃபர்சன் எதிர்த்தார். ஜனவரி பாதியில் கனெக்டிகட் பிரதிநிதிகள் வந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் நோயில் படுத்திருந்த தென் கரோலினாவின் ரிச்சர்ட் பெரெஸ்ஃபோர்டும் எழுந்து வந்தார். ஜனவரி 14 அன்று 9 என்ற எண் நிறைந்தது. அன்றே ஒப்புதலும் நிறைவேறியது. பத்திரம் பாரிஸ் சேர்ந்தபோது கெடு கடந்திருந்தது. பிரிட்டன் அதைப் பெரிதுபடுத்தாததால் மே 12 அன்று பத்திரப் பரிமாற்றம் நடந்தது. ஒரு போரின் வெற்றியே ஒருவர் உடல்நிலையில் தொங்கியிருந்தது.

1781 மார்ச் 1 முதல் 1789 தொடக்கம் வரை அமெரிக்காவை ஆண்ட 'கூட்டமைப்பு விதிகள்' என்ற ஏற்பாட்டைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் சொல்வது சுருக்கமானது: மத்திய அரசுக்கு அதிகாரம் குறைவு, ஆகவே தோற்றது. இது பாதி உண்மை. ஒன்பதாம் விதியைத் திறந்து படித்தால் போர் தொடுக்க, உடன்படிக்கை செய்ய, கடன் வாங்க, நோட்டு அச்சடிக்க, நாணயத்தின் மதிப்பை நிர்ணயிக்க, தபால் நிலையங்கள் நடத்த, மாநிலங்களின் எல்லைத் தகராறைத் தீர்க்க என்று அதிகாரங்கள் வரிசையாக இருக்கின்றன. காகிதத்தில் அது ஒன்றும் ஏழை அரசு இல்லை. எடுத்த தீர்மானத்தை நிறைவேற்றும் வழிதான் அதில் இல்லை. காங்கிரஸின் உத்தரவு எந்தத் தனிமனிதன் வாசலுக்கும் போகாது. மாநிலச் சட்டமன்றத்தின் வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து அதை எடுத்துப்போவதா, போட்டுவைப்பதா என்பது மாநிலத்தின் விருப்பம். எட்டு ஆண்டுகளில் வந்த சங்கடங்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தலாம்.

இதை வடிவமைத்தவர்களை அறியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தொலைதூர நாடாளுமன்றம் ஒன்று வரி போட்டதை எதிர்த்துத்தான் அவர்கள் துப்பாக்கி எடுத்திருந்தார்கள். அதே வரி அதிகாரத்தை இன்னொரு தொலைதூர அவைக்குக் கொடுப்பது அன்றைக்கு யாருக்கும் தொண்டைக்குள் இறங்கியிருக்காது. 1776 ஜூலையில் பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் எழுதித் தந்த முதல் வரைவு மையத்துக்குச் சற்றுக் கூடுதல் பிடி கொடுத்தது. 1777-இல் வட கரோலினாவின் தாமஸ் பர்க் கொண்டுவந்த திருத்தம் அதைத் தலைகீழாக்கியது: காங்கிரஸுக்கு வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டவை தவிர, இறைமையும் மற்ற எல்லா அதிகாரமும் மாநிலங்களுக்கே. இதுதான் இரண்டாம் விதி. 1777 நவம்பர் 15 அன்று காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட இந்த ஆவணம் எல்லா மாநிலங்களும் சம்மதித்து நடைமுறைக்கு வர மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் மேற்கே உரிமை கொண்டாடிய நிலத்தைப் பொதுவில் விட்டால்தான் கையெழுத்து என்று மேரிலாந்து கடைசிவரை பிடித்து நிறுத்தியது. அனைவரும் ஒப்பினால்தான் அடி எடுத்துவைக்கலாம் என்ற விதி என்ன செய்யும் என்பதற்கு அதுவே முதல் பாடம்.

வாக்குக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 1790-இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் வர்ஜீனியாவில் 7,47,610 பேர். டெலவேரில் 59,096 பேர். இரண்டுக்கும் வாக்கு ஒன்றுதான். சாதாரண விஷயங்களுக்கு 7 வாக்கு. போர், உடன்படிக்கை, பணம், கடன், படை ஆகியவற்றுக்கு 9 வாக்கு. விதிகளைத் திருத்துவதற்கு 13 மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும். இந்த 7-உம் 9-உம் வந்திருப்பவர்களை வைத்துக் கணக்கிடுபவை அல்ல. மொத்தம் 13-இல் எத்தனை என்பதே கணக்கு. ஆகவே வராமல் இருப்பதும் எதிர்த்து வாக்களிப்பதும் ஒன்றே. அவையில் 9 மாநிலங்கள் மட்டும் இருந்தால், அவற்றில் ஒன்று தலையசைக்க மறுத்தாலே காரியம் கெட்டது. பிரதிநிதிகளின் சம்பளத்தையும் பயணச் செலவையும் கொடுப்பது மாநிலம். பணம் மிச்சம் பிடிக்க நினைத்த மாநிலம் ஆள் அனுப்பாமல் விட்டது. ஒருவரே ஆறு ஆண்டுகளில் மூன்று ஆண்டுக்கு மேல் பதவியில் இருக்கவும் கூடாது. விஷயம் பிடிபடுகிற நேரத்தில் ஆள் மாறிவிடுவார்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய விலை வாங்கும் என்பதை 1784 ஏப்ரல் 19 அன்று நடந்த ஒரு வாக்கெடுப்பில் காணலாம். மேற்கே புதிதாக உருவாகப்போகும் மாநிலங்கள் எதிலும் 1800-க்குப் பிறகு அடிமைமுறை கூடாது என்று ஜெஃபர்சன் குழு ஒரு பிரிவு எழுதியிருந்தது. அதைத் தக்கவைக்க 7 வாக்கு தேவை, கிடைத்தது 6. நியூ ஜெர்சியின் ஒரு பிரதிநிதி உடல்நலமின்றி அறையில் இருந்ததால், அவையில் இருந்த மற்றவரின் வாக்கு மாநில வாக்காகச் செல்லவில்லை. பிரிவு விழுந்தது. அடிமைகளாக வாழ நேர்ந்தவர்களின் கணக்கை நினைத்தால், அந்த ஒரு காலி நாற்காலியைக் கடந்து போக மனம் வருவதில்லை.

ஒரு டாலர் நடந்த வழி

பணம்தான் இந்த அரசின் நோய் முழுவதும் வெளியே தெரிந்த இடம். காங்கிரஸுக்கு வரி போடும் உரிமை கிடையாது. எட்டாம் விதியின்படி அது தொகையைக் கணக்கிட்டு மாநிலங்களிடம் கேட்க வேண்டும். நம் ஊர் வரி அலுவலகங்களில் கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று பத்தி போட்டுக் கணக்கு எழுதுவார்கள். அந்த மூன்றில் காங்கிரஸின் கையில் இருந்தது முதல் பத்தி மட்டுமே.

போர்க்காலத்தில் இந்தக் குறையை நோட்டு அச்சடித்துச் சமாளித்தார்கள். 1775 முதல் 1779 வரை 20 கோடி டாலருக்கு மேல் 'கான்டினென்டல்' என்ற காங்கிரஸின் காகித நோட்டு வெளிவந்தது. அதைத் திரும்பப் பெற்று அழிக்க வரி வேண்டும்; வரி மாநிலங்களிடம்; மாநிலங்கள் போடவில்லை. 1780 மார்ச்சில் காங்கிரஸே 40 நோட்டு டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று மதிப்பைக் குறைத்து அறிவித்தது. அடுத்த ஆண்டில் அந்த நோட்டு புழக்கத்திலிருந்தே போய்விட்டது. ஒன்றுக்கும் உதவாத பொருளை 'கான்டினென்டல் பெறாது' என்று சொல்லும் வழக்கு அப்போது வந்ததுதான்.

நோட்டு போன பிறகு மிஞ்சியது கேட்பு. 1781-இல் ஃபிலடெல்ஃபியா வணிகர் ராபர்ட் மோரிஸ் நிதிக் கண்காணிப்பாளராக வந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று, 1782-ஆம் ஆண்டுச் செலவுக்காகக் காங்கிரஸ் 80 லட்சம் டாலர் கேட்டது. பங்கீட்டுப் பட்டியல் ஒரு டாலர் சுத்தமாகப் போடப்பட்டிருக்கிறது: மாசசூசெட்ஸ் 13,07,596, வர்ஜீனியா 13,07,594, பென்சில்வேனியா 11,20,794, நியூயார்க் 3,73,598, போரில் சிதைந்து கிடந்த ஜார்ஜியா 24,905. பதின்மூன்று தொகைகளையும் கூட்டினால் சரியாக 80,00,000 வருகிறது. இவ்வளவு துல்லியமான பட்டியலுக்கு அடியில் இருந்ததோ வெறும் ஊகம். தனியார் நிலம், அதிலுள்ள கட்டடங்கள், மேம்பாடுகள் ஆகியவற்றின் மதிப்பை வைத்துப் பங்கு பிரிக்க வேண்டும் என்பது விதி. அந்த மதிப்பீடு நாடு முழுவதும் ஒருமுறைகூட நடக்கவில்லை. தன் பங்கு அநியாயம் என்று ஒவ்வொரு மாநிலமும் சொல்ல முடிந்தது. இல்லை என்று நிரூபிக்கக் காங்கிரஸிடம் கணக்கு இல்லை.

பட்டியல் போன பிறகு என்ன நடக்கும்? மாநிலச் சட்டமன்றம் கூடும் வரை கடிதம் காத்திருக்கும். கூடியதும், காங்கிரஸுக்காக ஒரு வரிச்சட்டம் போடுவதா என்ற விவாதம். போட்டால், எந்தத் தேதிக்குள், வெள்ளியிலா, மாநில நோட்டிலா, தானியத்திலா என்பதை மாநிலமே முடிவு செய்யும். உள்ளூர் வசூல்காரர் குடியானவனிடம் வாங்கியது மாநிலக் கருவூலத்துக்குப் போகும். அங்கே மாநிலத்தின் சொந்தக் கடன், சொந்தப் படைவீரர்களின் பாக்கி, சொந்த அதிகாரிகளின் சம்பளம் ஆகியவை முதலில் கை நீட்டும். மிச்சம் இருந்தால்தான் காங்கிரஸுக்கு. மோரிஸ் ஒவ்வொரு மாநிலத்திலும் காங்கிரஸ் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒருவரை நியமித்தார். வந்த தொகையை அவர்கள் செய்தித்தாளில் மாதாமாதம் வெளியிட வேண்டும். வெட்கப்பட்டாவது கொடுப்பார்கள் என்ற எண்ணம். 1782-இல் நியூயார்க்கில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். மையத்துக்கு நேரடி வரி வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் அத்தனை உறுதியாக நின்றதற்கு, அந்தச் சில மாதங்கள் வெறும் பெட்டியோடு உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கேட்ட 80 லட்சத்தில் 1782 முடிய நாடு முழுவதும் சேர்ந்தது சுமார் 4,20,000 டாலர். நூற்றுக்கு ஐந்து. காலம் போகப்போக இது இன்னும் தேய்ந்தது. 1786 ஆகஸ்டில் சுமார் 38 லட்சம் டாலர் கேட்டதற்கு அடுத்த சில மாதங்களில் கிடைத்தது 663 டாலர் என்று கணக்கு இருக்கிறது.

மாநிலங்கள் கொடுக்காததற்கு ஏழ்மை மட்டும் காரணம் இல்லை. ஒரு மாநிலம் தன் பங்கைச் செலுத்தினால் அதன் பலன் எல்லாருக்கும். செலுத்தாவிட்டால் தண்டனை யாருக்கும் இல்லை. பக்கத்து மாநிலம் கொடுக்கவில்லை என்ற செய்தி வந்தவுடன், கொடுக்க நினைத்தவனும் கையை இழுத்துக்கொள்வான். 1786 பிப்ரவரியில் நியூ ஜெர்சி சட்டமன்றம் இதை ஒளிக்காமல் தீர்மானமாகவே போட்டது: நியூயார்க் துறைமுகத்தில் சுங்கம் வசூலித்து நம் மக்கள் காசில் அந்த மாநிலம் கொழிக்கிறது, அந்தச் சுங்கத்தைக் காங்கிரஸுக்கு விடும்வரை நாங்கள் ஒரு காசும் தர மாட்டோம். காங்கிரஸ் சார்பில் சார்ல்ஸ் பிங்க்னி உள்ளிட்ட மூவர் நேரில் போய்க் கெஞ்சி அந்தத் தீர்மானத்தை விலக்கச் செய்தார்கள். பணம் வந்துவிடவில்லை.

தப்பிக்க ஒரு வழி இருந்தது, இருமுறை முயன்றார்கள். 1781 பிப்ரவரி 3 அன்று, இறக்குமதிப் பொருட்களுக்கு நூற்றுக்கு 5 சுங்கம் விதிக்கும் அதிகாரம் மட்டும் தாருங்கள் என்று காங்கிரஸ் கேட்டது. விதித் திருத்தம் என்பதால் 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். 12 ஒப்பின. 1782 நவம்பரில் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் ஒருமனதாக மறுத்தது. அதன் வாதத்தைக் கேட்டால் முழு அநியாயம் என்று தள்ளிவிட முடியாது: நிலம் இல்லாத துறைமுக மாநிலம், சுங்கம் அதன் வயிற்றில்தான் விழும், மாநிலத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத வசூல் அதிகாரியை உள்ளே விட்டால், முன்பு பிரிட்டிஷ் சுங்க அதிகாரிகளை எதிர்த்ததற்கு என்ன பொருள்? அதைச் சமாதானப்படுத்தக் காங்கிரஸ் ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. குழு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து அரை நாள் பயணம் போயிருக்கும். முன்பு ஒப்புதல் தந்த வர்ஜீனியாவும் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது என்ற சேதி வந்து, பாதி வழியில் திரும்பிவிட்டார்கள்.

1783 ஏப்ரலில் இரண்டாம் முயற்சி. இம்முறை 25 ஆண்டு வரம்பு, வசூல் அதிகாரிகளை மாநிலமே நியமிக்கலாம் என்ற விட்டுக்கொடுப்பு. நான்கு ஆண்டு இழுபட்டு, கடைசியில் தடையாக நின்றது நியூயார்க். சுங்க வருமானத்தில்தான் அதன் அரசே நடந்தது. வசூல்காரர் தன் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும், தன் நோட்டிலும் செலுத்தலாம் என்ற நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. 1787 பிப்ரவரியில் அந்தக் கதவும் மூடியது.

இதற்கிடையில் கடன் ஏறியது. டச்சுக் கடன் வட்டியைப் புதிய டச்சுக் கடன் வாங்கிக் கட்டினார்கள். போரில் துணை நின்ற பிரான்சுக்கு வட்டி 1785-இல் நின்றது. 1787-இல் அசல் தவணையும் நின்றது. 1785 ஜூலையில் அல்ஜீயர்ஸ் கடற்கொள்ளையர் இரண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்து 21 மாலுமிகளை அடிமைகளாக்கினார்கள். அவர்கள் கேட்ட மீட்புத்தொகை சுமார் 60,000 டாலர். பேசப்போன தூதரிடம் தலைக்கு 200 டாலர் கொடுக்கத்தான் அனுமதி இருந்தது. உயிரோடு மிஞ்சியவர்கள் வீடு திரும்ப வழி பிறந்தது 1796-இல்.

வணிகம், உடன்படிக்கை, படை

வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு இல்லாததைப் பிரிட்டன் சீக்கிரமே கணக்குப் போட்டுவிட்டது. 1783 ஜூலை 2 அன்று, அமெரிக்கக் கப்பல்கள் தன் மேற்கிந்தியத் தீவுகளில் வணிகம் செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. மீனும் மரமும் மாவும் அங்கே விற்றுப் பிழைத்த நியூ இங்கிலாந்து துறைமுகங்களுக்கு அது பேரடி. (புதிய சந்தை தேடி அமெரிக்கக் கப்பல்கள் கிழக்கே திரும்பின, ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற கப்பல் 1784 டிசம்பர் இறுதியில் நங்கூரமிட்டது நம் புதுச்சேரியில்தான்.) பதிலுக்கு மாசசூசெட்ஸும் நியூ ஹாம்ப்ஷயரும் 1785-இல் பிரிட்டிஷ் கப்பல்களுக்குத் தடை போட்டன. கனெக்டிகட் போடவில்லை; சரக்கு அந்த வழியாக உள்ளே வந்தது. தடை போட்டவர்களே தளர்த்தினார்கள். ஒரு கரையில் ஒரு பக்கம் திறந்திருந்தால் மறுபக்கம் பூட்டிப் பயன் இல்லை.

மாநிலங்கள் ஒன்றின்மேல் ஒன்று சுங்கப் போர் நடத்தி நாடே சிதறியதாகப் பல நூல்கள் எழுதுவது சற்று மிகை. பெரும்பாலான மாநிலங்கள் மற்ற மாநிலங்களில் விளைந்த, செய்த பொருட்களுக்கு விலக்கு கொடுத்தன. நிஜமான காயம் வேறு இடத்தில் இருந்தது: பெரிய துறைமுகம் உள்ள மாநிலம், வெளிநாட்டுச் சரக்கு மீது வசூலித்த சுங்கத்தைப் பக்கத்து மாநில நுகர்வோரும் சேர்ந்து சுமந்தார்கள். நியூயார்க்குக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் நடுவில் இருந்த நியூ ஜெர்சியை, இரண்டு பக்கமும் துளையிட்ட பீப்பாய் என்று ஜேம்ஸ் மேடிசன் வர்ணித்தது இதைத்தான்.

உடன்படிக்கையிலும் இதே கதை. பாரிஸ் உடன்படிக்கைப்படி, கடன் கொடுத்திருந்த பிரிட்டிஷார் தங்கள் பழைய கடனை வசூலிக்கச் சட்டத் தடை எதுவும் இருக்கக் கூடாது. பல மாநிலங்கள் தடைச் சட்டங்களை அப்படியே வைத்திருந்தன. மன்னர் பக்கம் நின்றவர்களின் சொத்தைத் திருப்பித் தருமாறு காங்கிரஸ் 'பரிந்துரைக்கும்' என்று ஒரு பிரிவு. பரிந்துரைத்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. டெட்ராய்ட், நயாகரா, ஒஸ்வீகோ, மிச்சிலிமாக்கினாக் உள்ளிட்ட எல்லைக் கோட்டைகளைப் பிரிட்டன் காலி செய்ய வேண்டும், செய்யவில்லை. லண்டனில் தூதராக இருந்த ஜான் ஆடம்ஸ் இதைக் கேட்டபோது, 1786 பிப்ரவரியில் வெளியுறவுச் செயலர் கார்மார்த்தன் பிரபு மாநில வாரியாக மீறல்களைப் பட்டியலிட்டுக் கையில் கொடுத்தார். அந்தப் பட்டியலை ஆராய்ந்த அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் ஜே, பெரும்பகுதி உண்மையே என்று காங்கிரஸிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கோட்டைகளைப் பிரிட்டன் விட்டது 1796-இல்.

நீதிக்கு ஒரு பொது நீதிமன்றம் இல்லை. மாநிலங்களின் எல்லைத் தகராறுக்கு விதியில் ஒரு நீண்ட சடங்கு இருந்தது: இரு தரப்பும் பேசி நீதிபதிகளை முடிவு செய்ய வேண்டும்; முடியாவிட்டால் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் மூவர் என 39 பெயர் எழுதி, இரு தரப்பும் மாறி மாறி ஒவ்வொன்றாக அடித்து 13 ஆக்கி, அதிலிருந்து 7 முதல் 9 பெயரைக் குலுக்கி எடுத்து, அவர்களில் ஐவராவது உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். இந்த விதியின் கீழ் தீர்ப்புவரை போனது ஒரே வழக்கு, வயோமிங் பள்ளத்தாக்குக்காகக் கனெக்டிகட்டும் பென்சில்வேனியாவும் மோதியது. 1782 டிசம்பர் 30 அன்று டிரென்டனில் பென்சில்வேனியாவுக்குத் தீர்ப்பானது. அங்கே குடியேறியிருந்தவர்களின் சண்டை அதன் பிறகும் ஓயவில்லை. தீர்ப்பு சொல்லவாவது ஆள் இருந்தது, நிறைவேற்ற இல்லை. 1778-இல் பிடித்த 'ஆக்டிவ்' கப்பலின் பங்குக்காகக் கிடியன் ஓம்ஸ்டெட் என்ற மாலுமிக்குக் காங்கிரஸின் மேல்முறையீட்டுக் குழு சாதகமாகத் தீர்ப்பளித்தது. பென்சில்வேனியா ஏற்க மறுத்தது. அவருக்கு அந்தப் பணத்தை உறுதி செய்தது 1809-இல் உச்ச நீதிமன்றம். இடையில் 31 ஆண்டு.

படை விஷயத்தில் மானமே போனது. 1783 ஜூன் 21 அன்று, சம்பள பாக்கி கேட்டுச் சில நூறு வீரர்கள் ஃபிலடெல்ஃபியாவில் காங்கிரஸ் கூடும் கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். தனக்கெனக் காவல் இல்லாத காங்கிரஸ், மாநிலக் குடிப்படையை அழைக்கும்படி பென்சில்வேனியா நிர்வாகத்தைக் கேட்டது. நிர்வாகத் தலைவர் மறுத்தார். அவர் வேறு யாரும் இல்லை, ஏழு ஆண்டுக்கு முன் கூட்டமைப்பின் முதல் வரைவை எழுதிய டிக்கின்சன்தான். காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்குக் கிளம்பியது. பிறகு அனாபொலிஸ், டிரென்டன், 1785 முதல் நியூயார்க் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1784 ஜூன் 2 அன்று இருந்த படையையும் கலைத்து, தளவாடங்களைப் பாதுகாக்கப் பிட் கோட்டையில் 25 பேரையும் வெஸ்ட் பாயின்டில் 55 பேரையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். மறுநாளே எல்லைக் காவலுக்கு நான்கு மாநிலங்களிடம் 700 பேர் கேட்டார்கள்.

கீழ்ப்படிந்த மாநிலம் பட்ட பாடு

மாசசூசெட்ஸ் கலகத்தைப் பலரும் படை இல்லாத குறையாக மட்டும் பார்க்கிறார்கள். அதன் வேர் வரியில் இருக்கிறது. மாசசூசெட்ஸ் தன் போர்க்கடனையும் காங்கிரஸின் கேட்பையும் ஒழுங்காகக் கட்ட முயன்ற மாநிலங்களில் ஒன்று. அதற்காகக் கடினமான வரி போட்டு, கையில் வெள்ளி இல்லாத மேற்குப் பகுதி விவசாயிகளிடம் வெள்ளியாகக் கேட்டது. கட்ட முடியாதவர்களின் மாடும் நிலமும் ஏலத்துக்குப் போயின. சிலர் சிறைக்குப் போனார்கள். அவர்களில் பலர் போரில் சண்டையிட்டு, சம்பளத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டு வாங்கி, அதையும் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டவர்கள். 1786 ஆகஸ்ட் 29 அன்று நார்தாம்ப்டன் நீதிமன்றத்தைக் கூட விடாமல் மறித்தார்கள். டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படை கேப்டன் பெயரால் அந்த எழுச்சி அறியப்பட்டது. கேட்புக்கு மதிப்புக் கொடுக்காத மாநிலம் நிம்மதியாக இருந்தது. கொடுக்கப் பார்த்த மாநிலத்தில் கலகம் வெடித்தது.

காங்கிரஸ் அக்டோபர் 20 அன்று, பழங்குடிகளோடு போர் என்று காரணம் காட்டி, 1,340 வீரர்களைச் சேர்க்கத் தீர்மானித்து, மாநிலங்களிடம் 5,30,000 டாலர் கேட்டது. வர்ஜீனியா தவிர யாரும் அசையவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த படைக்கலச் சாலை காங்கிரஸின் சொத்து. அதைக் காக்கக் காங்கிரஸிடம் ஆள் இல்லை. பாஸ்டன் வணிகர்கள் தங்கள் பணத்தைக் கடனாகப் போட்டுப் பெஞ்சமின் லிங்கன் தலைமையில் மாநிலப் படை திரட்டினார்கள். 1787 ஜனவரி 25 அன்று கலகக்காரர்கள் படைக்கலச் சாலையை நோக்கி வந்தபோது, காவல் நின்ற வில்லியம் ஷெப்பர்டின் குடிப்படை பீரங்கியால் சுட்டது, நால்வர் இறந்தார்கள். நாட்டின் ஆயுதக் கிடங்கை ஒரு மாநிலத்தின் ஆட்கள், வணிகர் காசில் காத்துக் கொடுத்தார்கள்.

இவ்வளவும் எழுதும்போது, இந்த அரசு நன்றாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும்; அது காரணத்தை இன்னும் தெளிவாக்குகிறது. ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே மாநிலங்கள் விட்டுக்கொடுத்த நிலத்துக்காக 1785-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுர ஊர்கள். ஒவ்வொன்றிலும் 640 ஏக்கர் கொண்ட 36 பாகம். ஏக்கருக்குக் குறைந்தது ஒரு டாலர். 16-ஆம் பாகம் பள்ளிக்கூடத்துக்கு. நில அளவைக்காரர் தாமஸ் ஹட்சின்ஸ் அந்த ஆண்டே சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். 1787 ஜூலை 13 சட்டம் அங்கே ஆட்சிமுறையையும் வகுத்தது. மூன்று ஆண்டுக்கு முன் ஒரு வாக்கில் தோற்ற அடிமை ஒழிப்புப் பிரிவு அந்த நிலப்பரப்புக்கு இதில் வந்து சேர்ந்தது. அதே பலவீனமான காங்கிரஸ், அதே ஆட்கள். வித்தியாசம் ஒன்றுதான்: அந்த நிலத்துக்கும் காங்கிரஸுக்கும் நடுவில் எந்த மாநிலச் சட்டமன்றமும் இல்லை. (அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடிகளுக்கு இது வெற்றியாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.)

மேடிசன் 1787 வசந்தத்தில் எழுதிவைத்த குறிப்பில் இந்த ஏற்பாட்டின் கேடுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். நிர்ப்பந்திக்க வழியில்லாத சட்டம் சட்டமே ஆகாது என்ற இடத்தில்தான் அவர் பேனா ஊன்றுகிறது. 1786 செப்டம்பரில் அனாபொலிஸில் வணிகம் பேசக் கூட்டிய மாநாட்டுக்கு வந்தது ஐந்து மாநிலங்களின் 12 பேர். அங்கிருந்து பிறந்த அழைப்பில் 1787 மே 25 அன்று ஃபிலடெல்ஃபியா மாநாடு தொடங்கியது. ரோட் ஐலண்ட் ஆள் அனுப்பவில்லை. மாநிலம் கட்டாவிட்டால் படை அனுப்பி வசூலிப்பது என்ற யோசனையும் அங்கே வந்தது. ஒரு மாநிலத்தின் மேல் படை எடுப்பது தண்டனை ஆகாது, போர் ஆகும் என்று அது கைவிடப்பட்டது. எடுத்த முடிவு வேறு: மாநிலத்தைக் கேட்காமல் நேராக மனிதனிடம் போவது. வரி போட்டு வசூலிக்கும் உரிமை, வணிகத்தை ஒழுங்குபடுத்தும் உரிமை, மாநில நீதிபதிகளையும் கட்டுப்படுத்தும் உச்சச் சட்டம், தனி நிர்வாகம், தனி நீதிமன்றம். 13-உம் ஒப்பினால்தான் என்ற பூட்டையும் உடைத்து, 9 மாநிலங்கள் ஏற்றால் அந்த 9-க்குள் நடைமுறைக்கு வரும் என்று எழுதினார்கள். பழைய விதிகளின்படி பார்த்தால் இது மீறல்தான். அந்தப் பூட்டுக்கு உள்ளிருந்து சாவி கிடையாது என்று அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். 1788 ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஒப்பியது.

பழைய காங்கிரஸ் அவை நடத்தத் தேவையான எண்ணிக்கையோடு கூடியது 1788 அக்டோபர் 10 அன்று கடைசி. அதன் பிறகு செயலர் சார்ல்ஸ் தாம்சன் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்க, அவ்வப்போது ஓரிருவர் வந்து பெயர் எழுதிப் போனார்கள். 1789 மார்ச் 2 அன்று நியூயார்க்கின் ஃபிலிப் பெல் ஒருவர் மட்டும் வந்தார்.

புதிய காங்கிரஸின் வருவாய்ச் சட்டத்தில் வாஷிங்டன் கையெழுத்திட்டது அந்த ஆண்டு ஜூலை 4 அன்று. பட்டியலில் தனியாகக் குறிப்பிடாத இறக்குமதிப் பொருட்களுக்கு அதில் போட்ட பொதுச் சுங்கம் நூற்றுக்கு 5. எட்டு ஆண்டுக்கு முன் கேட்டுக் கிடைக்காத அதே 5. ரோட் ஐலண்ட் அப்போதும் வெளியில்தான் நின்றது. அதோடு வணிகத்தை நிறுத்தும் மசோதாவை 1790 மே 18 அன்று செனட் நிறைவேற்றியது. மே 29 அன்று ரோட் ஐலண்ட் மாநாடு 34-க்கு 32 என்ற வாக்கில் அரசியல் சாசனத்தை ஏற்றுக்கொண்டது.